அடுக்களைக்குள் போகும் முன் ஒரு பற்று நோட்டு வாங்குங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த இரண்டு வாரத்துக்குள் கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் உள்ள என் சாப்பாட்டுக் கடைக்கு யாராவது ஒரு அப்பா மகனைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். பையன் போனை நீட்டி ஒரு தட்டைக் காட்டுவான். பெரிய வெள்ளைத் தட்டு, நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு மீன், சுற்றிலும் பச்சைப் புள்ளிகள். "இந்த மாதிரி செய்யணும்ணே." அப்பா சம்பளம் எவ்வளவு வரும் என்று கேட்பார். வேறு என்னவெல்லாம் போகும் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அதனால் கேட்காமலே எழுதுகிறேன்.

நான் 2009ல் சென்னையில் ஒரு ஐந்து நட்சத்திர ஹோட்டலில் கமி த்ரீயாகச் சேர்ந்தேன். அடுக்களையில் அதுதான் கடைசிப் படி. சம்பளம் ஆறாயிரம். சென்னை, பெங்களூரு, துபாய் என்று 14 வருடம். சூ செஃப், அதாவது தலைமைச் செஃபுக்கு அடுத்த ஆள் வரை போனேன். இப்போது 24 நாற்காலி போட்ட சொந்தக் கடை. தோற்றுத் திரும்பினேன் என்று ஊரில் சிலர் நினைக்கிறார்கள், நினைக்கட்டும்.

கேட்டரிங் கல்லூரிக்குப் பணம் கட்டுவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். மே மாதம் நம் ஊரில் கல்யாணத்துக்குக் குறைவில்லை. தெரிந்த தவசிப்பிள்ளை (கல்யாணச் சமையல்காரர்) ஒருவரிடம் கேட்டு, ஆக்குப்புரையில் (சமையல் பந்தலில்) பத்து நாள் கூடமாட நில்லுங்கள். முந்தின நாள் சாயங்காலம் தேங்காய் துருவ உட்கார்ந்தால் மறுநாள் கடைசிப் பந்தி எழும்பும் வரை வேலை. அவியலுக்கு நறுக்கும் காய் எல்லாம் ஒரே நீளத்தில் இல்லாவிட்டால் ஏச்சு விழும். பத்தாவது நாளும் அடுப்புப் பக்கம் போய்க் கரண்டியில் தொட்டு ருசி பார்க்கத் தோன்றினால் நீங்கள் இந்த வேலைக்கான ஆள். போட்டோ எடுக்க மட்டும் தோன்றினால் வேறு படிப்பைப் பாருங்கள், அதில் ஒரு கேவலமும் இல்லை.

இன்டர்வியூவில் மூன்று கேள்வி கேளுங்கள். பிரேக் ஷிஃப்ட் உண்டா? தங்கும் இடம் எவ்வளவு தூரம்? வார ஓய்வு நாள் முன்கூட்டியே தெரியுமா? பிரேக் ஷிஃப்ட் என்றால் காலை பத்திலிருந்து மூன்று, பிறகு ஆறிலிருந்து இரவு பன்னிரண்டு. கூட்டிப் பார்த்தால் 11 மணி நேரம்தான். ஆனால் நடுவில் உள்ள மூன்று மணி நேரத்தில் ரூமுக்குப் போய் வர பஸ்ஸிலேயே இரண்டு மணி நேரம் போய்விடும். நான் இரண்டு வருடம் அந்த நேரத்தை லாக்கர் ரூம் பெஞ்சில் தூங்கிக் கழித்தேன். சட்டப்படியான வேலை நேரம் என்று ஒன்று உண்டு, டூட்டி ரோஸ்டரிலும் அப்படித்தான் இருக்கும். அது சுவரில் ஒட்டுவதற்கு.

உள்ளே ஏன் அத்தனை மிரட்டல் என்று முதல் மாதமே கேட்பீர்கள். கமி, டெமி, சிடிபி (ஒரு பிரிவுக்குப் பொறுப்பானவர்), சூ செஃப், செஃப் என்று நாம் ஏறும் இந்த ஏணியை 1890களில் லண்டன் சவாய் ஹோட்டலில் ஒழுங்குபடுத்தியவர் எஸ்காஃபியர் என்ற பிரெஞ்சுக்காரர். பட்டாளத்துக்குச் சமைத்தவர். அதனால் "யெஸ் செஃப்" என்பது பட்டாளத்துப் பதில்தான். வேலைக்கு அந்த ஒழுங்கு வேண்டும். கிச்சனில் நாற்பது கேஓடி (ஆர்டர் சீட்டு) வரிசையில் தொங்கும்போது விவாதம் பண்ண முடியாது. ஆனால் வேலையைத் திட்டுவது வேறு, அப்பன் ஆத்தாளை இழுப்பது வேறு. முதலாவதைத் துடைத்துப் போடுங்கள். இரண்டாவது நடந்தால் தேதி, நேரம், பக்கத்தில் நின்றவர் பேர் எழுதி வையுங்கள். சட்டியால் கையில் அடி வாங்கி, அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தவன் நான். அந்தப் பெருமைதான் அப்புறம் எனக்குக் கீழே வந்த பையன்களிடமும் என்னைக் கத்த வைத்தது. ஒருவன், மார்த்தாண்டம் பக்கத்துப் பையன், சொல்லாமலே ரயில் ஏறிவிட்டான். அவன் பேர் என் நோட்டில் இருக்கிறது.

நோட்டு விஷயத்துக்கு வருகிறேன். என் அப்பாவுக்குத் திங்கள்சந்தையில் சாயாக்கடை. கல்லாவுக்கு அடியில் நீளவாக்கில் ஒரு பற்று நோட்டு கிடக்கும். யார் எத்தனை சாயா, எத்தனை பழம்பொரி, எப்போது தருவதாகச் சொன்னார் என்று எழுதியிருக்கும். "மூணு மாசம் தாண்டின பற்று திரும்பாது மக்கா" என்பார். கேட்டு வாங்கவும் மாட்டார், கணக்கிலிருந்து அடித்துவிடவும் மாட்டார், ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு மட்டும் போடுவார்.

2012ல் அப்பா ஏதோ உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்காக இரணியலில் அனந்தபுரி ரயில் ஏறிச் சென்னைக்கு வந்தார். சனிக்கிழமை. சாயங்காலம் ஏழு மணிக்கு ஹோட்டலின் பின் கேட்டுக்கு, டைம் ஆபீஸ் பக்கம், ஒரு பை நிறைய மரச்சீனிக் கிழங்கும் கருவாடுமாக வந்து நின்றிருக்கிறார். செக்யூரிட்டி போன் பண்ணினான். அன்று 110 பேர் புக்கிங். "சர்வீஸ் முடிஞ்சு வாறேன்னு சொல்லு" என்றேன். பதினொன்றே முக்காலுக்கு இறங்கிப் போனபோது பைக் ஸ்டாண்டு ஓரத் திண்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாப்பிட்டீங்களா என்று கேட்டேன். உனக்குச் சோலி இருக்கும்லா என்றார். நாலு மாடி மேலே அன்று நான் 110 பேருக்கு நெய்மீன் வைத்திருந்தேன். அப்பாவுக்கு ரோட்டுக் கடையில் இரண்டு இட்லி வாங்கிக் கொடுத்தேன்.

அன்று ரூமுக்குப் போய்த்தான் முதல் பக்கம் எழுதினேன். நீங்கள் வேலையில் சேரும் அன்றே தொடங்கிவிடுங்கள். சாதாரண நாற்பது பக்க நோட்டு போதும். இடது பக்கம் யாரிடம் என்ன பற்று வைத்தீர்கள் என்று எழுதுங்கள். அம்மாவிடம் கிறிஸ்துமஸ். தங்கச்சியிடம் அவள் கல்யாணத்துக்கு முந்தின இரவு (ஊரெல்லாம் ஆக்குப்புரையில் நிற்க, சமையல்காரன் அண்ணன் தாலி கட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்தான் வந்தேன்). மனைவியிடம் ஞாயிற்றுக்கிழமைகள், இத்தனை என்று எண்ணிக்கையோடு. வலது பக்கம் எப்போது, எப்படித் திருப்பிக் கொடுப்பீர்கள் என்று தேதி போட்டு எழுதுங்கள். "லீவு கிடைத்தால்" என்று எழுதக் கூடாது. மூன்று மாதம் தாண்டியதற்குப் பென்சில் கோடு. கோடுகள் ஒரு பக்கத்தை நிரப்பிவிட்டால் செஃப் அறைக்குப் போய் ஷிஃப்ட் மாற்றமோ பிரிவு மாற்றமோ கேளுங்கள். பேக்கரி, பாங்க்வெட், கஃபெடீரியா எல்லாம் சமையல்தான்.

நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. கோட்டாறு சவேரியார் திருவிழா டிசம்பர் 3ல் முடியும், அங்கே தொடங்கி புதுவருடம் வரை நமக்கு ஊரில்தான் மனசு. ஹோட்டலுக்கு அதுதான் சீசன். டிசம்பர் 20க்கு மேல் லீவு கேட்பவனை விநோதமாகப் பார்ப்பார்கள். அதனால் கிறிஸ்துமஸை மறந்துவிட்டு ஜூன் மாதத்திலேயே டிசம்பர் முதல் வாரத்தை எழுதிக் கேளுங்கள். ஓணமா, அதையும் அப்படித்தான். நான் இந்தச் சூட்சுமத்தை ஆறாவது வருடம்தான் கண்டுபிடித்தேன்.

உடம்பைப் பற்றி. முப்பது வயதில் எனக்குக் கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது. நாள் முழுக்க ஒரே இடத்தில் நின்றால் வரத்தான் செய்யும். முதல் சம்பளத்தில் கத்தி வாங்காதீர்கள், வழுக்காத நல்ல ஷூவும் காலை இறுக்கிப் பிடிக்கும் மருத்துவக் காலுறையும் வாங்குங்கள். தீப்புண் பட்டால் பேஸ்ட், மாவு எதுவும் வேண்டாம், ஓடும் தண்ணீரில் 20 நிமிடம். சர்வீஸ் நடுவில் 20 நிமிடம் யார் தருவார்கள் என்பீர்கள். தரமாட்டார்கள், நீங்கள்தான் எடுக்க வேண்டும். என் இடது முழங்கையில் ஐந்து தழும்பு இருக்கிறது, ஐந்தும் எடுக்காத நிமிடங்கள். அப்புறம், ஸ்டாஃப் சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிடுங்கள். ஊருக்கே ருசி பார்த்துக் கொடுப்பவன் குப்பைத் தொட்டி மேல் குனிந்து நின்று விழுங்குகிற காட்சி எல்லா அடுக்களையிலும் உண்டு.

குடியையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சர்வீஸ் முடிந்த பின் தலைக்குள் ஆர்டர் சத்தம் இரண்டு மணி வரை ஓயாது. ஒரு பீர் போட்டால் ஓய்ந்தது, அப்புறம் இரண்டு, அப்புறம் தினமும். அதற்குப் பதில் என்ன என்றால் எனக்கு உதவியது குளியலும் நடையும். உங்களுக்கு வேறு ஏதாவது இருக்கலாம், ஆனால் சேர்ந்த முதல் வாரமே அதைக் கண்டுபிடித்து வையுங்கள். நிலைமை அதையும் தாண்டினால் 14416க்கு அழையுங்கள். டெலி மானஸ், அரசாங்கத்தின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. 2003ல் பெர்னார்ட் லுவாசோ என்ற பிரான்ஸின் பெரிய சமையல்காரர் 52 வயதில் உயிரை மாய்த்துக்கொண்டார். அதற்குச் சற்று முன் ஒரு மதிப்பீட்டுப் புத்தகம் அவருக்கு 20க்கு 19ஆக இருந்த மதிப்பெண்ணை 17ஆகக் குறைத்திருந்தது. அதுதான் காரணம் என்று சொல்ல முடியாது, கடனும் மனச்சோர்வும் இருந்தன. சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுக்கும் மிஷ்லின் நட்சத்திரம் வேறு புத்தகம், அது 1900ல் ஒரு டயர் கம்பெனி தொடங்கிய வழிகாட்டிப் புத்தகத்திலிருந்து வந்தது, 1926ல்தான் நட்சத்திரம் கொடுக்கத் தொடங்கினார்கள். துபாய்க்கு அது முதன்முதலாக வந்தது 2022ல். நான் அப்போது அங்கே இருந்தேன். மதிப்புப் போட யார் வருவார் என்று தெரியாது, பேர் சொல்ல மாட்டார்கள். தனியாக வந்து உட்கார்ந்த ஒவ்வொரு மனிதரையும் பார்த்து நடுங்கினோம். ஒருநாள் அப்படிப் பதறிப் பதறிக் கவனித்த ஆள் பக்கத்துக் கட்டடத்தில் ஏசி சர்வீஸ் பண்ண வந்தவராம், சம்பளநாள் சந்தோஷத்தில் வந்திருக்கிறார். அவர்தான் அந்த மாதம் நன்றாகச் சாப்பிட்டவர்.

மறுபக்கமும் உண்டு. செபாஸ்டியன் பிராஸ் என்ற பிரெஞ்சு சமையல்காரர், மூன்று நட்சத்திரக்காரர், 2017ல் தன்னைப் புத்தகத்திலிருந்து எடுத்துவிடச் சொன்னார். கோபன்ஹேகனில் நோமா என்ற கடையை நடத்திய ரெனே ரெட்செப்பி, இந்த மாதிரி கடை நடத்துவது தாக்குப்பிடிக்காது என்று 2023 தொடக்கத்தில் வாய்விட்டுச் சொன்னார். உலகத்தின் முதல் இடம் என்று பல தடவை பேர் வாங்கிய அந்தக் கடை, பயிற்சிப் பிள்ளைகளுக்குச் சம்பளம் கொடுக்கத் தொடங்கியதே 2022 அக்டோபரில்தான். ஆகவே சம்பளமில்லாத ஸ்டாஜ் (பயிற்சி) என்று யாராவது அழைத்தால், எத்தனை வாரம், தங்க இடம் யார் செலவு என்று எழுத்தில் வாங்குங்கள். ஆறு வாரத்துக்கு மேல் போகாதீர்கள், கற்றுக்கொள்வது அதற்குள் முடிந்துவிடும், மிச்சம் எல்லாம் கீரை கிள்ளுவது.

பணத்தில் ஒன்றே ஒன்று. ஹோட்டல் மாறும்போதெல்லாம் பிஎஃப் பணத்தை எடுத்து பைக் வாங்காதீர்கள், புதுக் கணக்குக்கு மாற்றுங்கள். பத்து வருடம் சேர்ந்தால்தான் 58 வயதில் பென்ஷன். நான் இரண்டு தடவை எடுத்தேன், கணக்கு இரண்டு தடவையும் பூஜ்யத்திலிருந்து. துபாயில் கிராஜுவிட்டி பேசிக் சம்பளத்துக்குத்தான், முதல் ஐந்து வருடம் வருடத்துக்கு 21 நாள். அதனால் ஆஃபர் லெட்டரில் மொத்தத்தைப் பார்க்காமல் பேசிக் எவ்வளவு என்று பாருங்கள்.

வீட்டு ருசியை மெனுவுக்குக் கொடுக்கும்போதும் யோசியுங்கள். அம்மாவின் நெத்திலி புளிமுளத்தை நான்தான் ஒரு செஃபுக்குச் செய்து காட்டினேன். மூன்று மாதத்தில் அது ஸ்பூன் அளவில், தேங்காய்ப்பால் நுரையோடு, அவர் பாட்டியின் சமையல் என்ற பேரில் வந்தது. நுரை நன்றாகத்தான் இருந்தது.

கிளம்பும்போது நோட்டீஸ் காலத்தை முழுக்க முடித்து, அனுபவச் சான்றிதழும் ரிலீவிங் லெட்டரும் கையில் வாங்கிவிட்டு வாருங்கள். கத்திகளைக் கடைசி நாளைக்கு முந்தின நாளே பையில் போட்டுவிடுங்கள், ஸ்டோரில் வைத்தது திரும்பாது. துபாயில் ஒரு மாதச் சம்பளம் கொடுத்து வாங்கிய ஜப்பான் கத்தி ஒன்று என்னிடம் இருக்கிறது. வந்த மறுநாள் அம்மா அதை எடுத்து நெய்மீன் தலையை இரண்டாகப் பிளந்தாள். முனை உடைந்தது. "இதுக்கா இவ்வளவு பைசா?" என்றாள். இப்போது அது அவளிடம்தான் இருக்கிறது, சக்கை (பலா) அரிகிறாள், அரிவதற்கு முன் எண்ணெய் தடவ மறப்பதில்லை.