முயல் தீவு ஒகுனோஷிமாவுக்குப் போவது எப்படி?

ஹிரோஷிமா வரை போகிறீர்களா? இன்னொரு நாளை ஒகுனோஷிமாவுக்கு ஒதுக்குங்கள். சுற்றளவு சுமார் 4 கிலோமீட்டர்தான். தீவு முழுக்க முயல்கள். 1929 முதல் 1945 வரை ஜப்பான் ராணுவம் ரகசியமாக விஷவாயு தயாரித்ததும் இங்கேதான்.

1. ரயில்

பலரும் திணறுவது இங்கேதான். இறங்க வேண்டிய ஷின்கான்சென் (புல்லட் ரயில்) நிலையம் மிஹாரா. அங்கே அதிவேக ஷின்கான்செனான நொசோமி நிற்காது, எல்லா நிலையத்திலும் நிற்கும் கொடாமா நிற்கும். ஒசாகாவிலிருந்து வருபவர்கள் ஃபுகுயாமாவில் கொடாமாவுக்கு மாறலாம். மிஹாராவிலிருந்து குரே லைன் என்ற ரயில் பாதையின் லோக்கலில், படகு கிளம்பும் தாதனோஉமிக்கு அரை மணிக்கும் குறைவு. ஆனால் அந்த லோக்கல் கிட்டத்தட்ட மணிக்கு ஒன்றுதான். அதனால் முதலில் லோக்கல் நேரத்தைப் பிடியுங்கள், அதற்கேற்ற ஷின்கான்செனைப் பிறகு தேடுங்கள். இதற்கு கூகுள் மேப்ஸைவிட நேவிடைம் செயலிதான் என் தேர்வு. ஜேஆர் பாஸ் (சுற்றுலாப் பயணிகளுக்கான ரயில் பாஸ்) செல்லாத ரயில்களை அதில் ஒதுக்கிவிடலாம்.

2. படகு

ஸ்டேஷனிலிருந்து துறைமுகத்துக்குப் பொடிநடை. டிக்கெட்டோடு முயல் தீவனத்தையும் அங்கேயே வாங்கிவிடுங்கள், தீவில் விற்பதில்லை. கேரட், முட்டைக்கோஸ் கொண்டுபோகலாம். ரொட்டி, பிஸ்கட் வேண்டவே வேண்டாம். பயணம் கால் மணி நேரம். கார் ஏற்றும் படகு அடுத்து ஓமிஷிமா என்ற வேறு தீவுக்குப் போகும், அசந்துவிடாதீர்கள்.

3. தீவில்

காலையிலும் மாலையிலும்தான் முயல்கள் சுறுசுறுப்பு. வெயில் நேரத்தை 1988இல் திறந்த விஷவாயு அருங்காட்சியகத்துக்கு வையுங்கள். சிறிய இடம், ஆனால் அவசரப்படாதீர்கள். தொழிலாளர்கள் அணிந்த ரப்பர் உடை, கையுறை, முகமூடி எல்லாம் இருக்கின்றன. உடையின் இடுக்குகள் வழியே மஸ்டர்ட் என்ற விஷவாயு உள்ளே போய்த் தோலையும் நுரையீரலையும் அரித்தது. போருக்குப் பிறகும் பல்லாண்டு இருமலோடு வாழ்ந்தவர்கள் அவர்கள். முயலோடு படம் எடுத்துவிட்டு இதைப் பார்க்காமல் திரும்புவது எனக்கு மனசு ஒப்பாத விஷயம்.

பிறகு பழைய மின்நிலையம். ஜன்னல் கண்ணாடி இல்லாத உயரமான கான்கிரீட் கூடு, சுவரெல்லாம் கொடி. வெளியே நின்றுதான் பார்க்கலாம்.

பின்சேர்க்கை: குழந்தைகளோடு போகிற சிலர் முயலைத் தூக்கலாமா என்று கேட்டிருந்தார்கள். கூடாது; துள்ளி விழுந்தால் எலும்பு முறியும். சாலையில் வைத்தும் தீவனம் போடாதீர்கள், வண்டியில் அடிபடும். மிச்சத்தை அள்ளிக்கொள்ளுங்கள், காக்கையும் காட்டுப்பன்றியும் வரும். கடைசிப் படகு நேரத்தை ஏறும்போதே போனில் படம் எடுத்து வையுங்கள்.