லா பாஸில் ஒரு பகலும் ஓர் இரவும்: முதுகுப்பையோடு முதல்முறை போகிறவர்களுக்கு

பொலிவியாவின் லா பாஸ் நகரத்துக்கு முதன்முதலாகப் போகிறீர்கள். கையில் ஒரு முழு நாள் இருக்கிறது, ஸ்பானிஷ் நாலு வார்த்தைதான் தெரியும், பணமும் அளவாகத்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காலையில் எங்கே தொடங்கி இரவு எங்கே முடிப்பது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

இந்த ஊரின் அமைப்பை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். லா பாஸ் ஒரு பெரிய கிண்ணம். நகர மையம் சுமார் 3,600 மீட்டர் உயரத்தில், கிண்ணத்தின் நடுப்பகுதியில் இருக்கிறது. விளிம்பில், 4,000 மீட்டருக்கும் மேலே, எல் ஆல்தோ என்ற இன்னொரு நகரம். மையத்திலேயே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். தண்ணீர்கூட 88 டிகிரி அருகிலேயே கொதித்துவிடும். அதனால் நான் கடைப்பிடிக்கும் விதி ஒன்றே ஒன்று: ஏற்றம் எல்லாம் வண்டியில், இறக்கம் எல்லாம் நடந்து. இந்த நாளின் திட்டம் பெரும்பாலும் இந்த விதியை வைத்துத்தான் அமைந்திருக்கிறது.

இது தெரியாமல் முதல்முறை போனபோது, பேருந்திலிருந்து இறங்கிய கையோடு பையைத் தூக்கிக்கொண்டு சகார்னகா தெருவில் கீழிருந்து மேலே நடந்தேன். பாதித் தெரு தாண்டுவதற்குள் நெஞ்சு படபடத்தது. அன்று மாலையும் இரவும் தலைவலியோடு விடுதியில் படுத்துக் கிடந்ததுதான் மிச்சம். உங்களுக்கு அது வேண்டாம்.

முந்தைய நாள்: சும்மா இருங்கள்

விமான நிலையம் எல் ஆல்தோவில், 4,061 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இறங்கியதும் அங்கே சுற்றாமல் நேராகக் கீழே விடுதிக்கு வந்துவிடுங்கள். அன்று முழுக்க ஓய்வுதான். தண்ணீர் நிறையக் குடியுங்கள், வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள், மதுவைத் தொடாதீர்கள். லேசான தலைவலி, மூச்சிரைப்பு, தூக்கமின்மை வருவது சகஜம். சொரோச்சே என்று இதற்குப் பெயர். விடுதியில் கோக்கா இலை போட்ட சுடுநீர் தருவார்கள். அங்கே அது சட்டப்படி அனுமதிக்கப்பட்ட அன்றாடப் பானம். கொஞ்சம் புல் வாசனையோடு கிரீன் டீ போல இருக்கும். ஆனால் ஒரு இலையைக்கூட ஊருக்கு எடுத்து வராதீர்கள், இந்தியாவில் அது தடைசெய்யப்பட்டது. உயரத்துக்கான மாத்திரை வேண்டுமென்றால் கிளம்புவதற்கு முன்பே உங்கள் மருத்துவரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நடை தள்ளாடுவது, குழப்பமாகப் பேசுவது, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது இவற்றில் எது வந்தாலும் ஊர் சுற்றும் திட்டத்தைக் கைவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

காலை 8 மணி: மேலே போய்த் தொடங்குங்கள்

பெரிய பையை விடுதியில் வைத்துவிடுங்கள். சின்னப் பையில் தண்ணீர், தொப்பி, சன்ஸ்கிரீன், ஒரு கம்பளிச் சட்டை, கடவுச்சீட்டின் நகல், சில்லறைக் காசு. இந்த உயரத்தில் வெயில் சுடும், நிழலுக்குள் போனால் குளிரும், அதனால் கம்பளிச் சட்டையைக் கழற்றுவதும் போடுவதுமாகவே நாள் போகும்.

டாக்ஸியிலோ மினிபஸ்ஸிலோ ரோட்ரிகெஸ் சந்தைக்குப் போங்கள். மினிபஸ்ஸில் ஏறினால், இறங்க வேண்டிய தெருமுனை வரும்போது "என் லா எஸ்கீனா, போர் ஃபவோர்" (முனையில் நிறுத்துங்கள், தயவுசெய்து) என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். வெட்கப்பட்டால் இரண்டு தெரு தாண்டித்தான் இறங்குவீர்கள்.

காலை உணவுக்கு ஆபி குடியுங்கள். ஊதா நிறச் சோளத்தை அரைத்து, பட்டையும் கிராம்பும் போட்டுக் காய்ச்சிய கெட்டியான சூடான பானம் அது. கூடவே பஸ்தேல் தருவார்கள். பெரிய பூரி மாதிரி உப்பியிருக்கும், உள்ளே கொஞ்சம் பாலாடைக்கட்டி, மேலே சர்க்கரைத் தூள். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஊரில் கவலையில்லாத உணவு இதுதான் என்பேன்.

அங்கிருந்து இறக்கத்திலேயே நடங்கள். லினாரெஸ் தெருவும் சகார்னகா தெருவும் சேரும் பகுதியைச் சூனியக்காரிகள் சந்தை என்று பயணிகள் அழைக்கிறார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. அங்கே விற்பது பச்சமாமா என்ற பூமித்தாய்க்குப் படைக்கும் பொருட்கள். மூலிகைகள், வண்ண மிட்டாய்கள், வீடு வாகனம் போன்ற சின்ன உருவங்கள், அப்புறம் கடை வாசலில் தொங்கும் உலர்ந்த லாமாக் கருக்கள். புது வீட்டுக்கு அடித்தளம் போடும்போது அந்தக் கருவை மண்ணில் புதைப்பது இங்கத்திய பூர்வகுடிகளான அய்மாரா மக்களின் வழக்கம். பார்த்ததும் முகம் சுளிக்காதீர்கள், படம் எடுப்பதற்கு முன் கடைக்கார அம்மாவிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். உருண்டைத் தொப்பியும் அடுக்குப் பாவாடையும் அணிந்த பெண்களைத் தெருவெங்கும் பார்ப்பீர்கள். அது அவர்கள் அன்றாடம் உடுத்துவது, நமக்காகப் போட்ட வேடம் இல்லை.

சகார்னகா இறக்கம் முடியும் இடத்தில் சான் ஃபிரான்சிஸ்கோ தேவாலயம். அதன் முகப்பு 18ஆம் நூற்றாண்டுக் கல்வேலை. ஐரோப்பியக் கோயிலின் தூண்களுக்கு நடுவே உள்ளூர்ப் பறவைகளும் பழங்களும் முகமூடி போன்ற முகங்களும் செதுக்கியிருப்பார்கள். பத்து நிமிடம் நின்று பாருங்கள், வேலை செய்த கைகள் யாருடையவை என்று புரியும்.

10.30 மணி: ஜூஸ் கடையில் கொசுறு

தேவாலயத்துக்குப் பக்கத்திலேயே லான்சா சந்தை. உள்ளே ஜூஸ் கடைகள் வரிசையாக இருக்கும். உயரமான மேடைக்குப் பின்னால் ஒரு அம்மா, முன்னால் நாலு முக்காலி. உட்கார்ந்து "கசேரீத்தா" என்று கூப்பிடுங்கள். வாடிக்கையாகப் போகிறவர்கள் கடைக்காரரை அழைக்கும் செல்லமான முறை அது, அவர்களும் நம்மை அப்படியே அழைப்பார்கள். பப்பாளியோ மாம்பழமோ பாலோடு அடித்து உயரமான கண்ணாடித் தம்ளரில் ஊற்றுவார். மிக்ஸியில் கொஞ்சம் மிச்சமிருக்கும். அவசரப்பட்டு எழுந்துவிடாதீர்கள். பாதி குடித்ததும் தம்ளரை லேசாக முன்னால் நகர்த்தி, "யாப்பீத்தா?" என்று கேளுங்கள். மிச்சத்தைத் தம்ளர் நிறைய ஊற்றுவார். யாப்பா என்றால் நம்ம ஊர்க் கொசுறுதான். காய்கறிக் கடையிலும் ரொட்டிக் கடையிலும்கூட இதைக் கேட்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். எனக்கு அந்த ஊர் பிடித்துப்போனது அந்த இரண்டாவது தம்ளரில்தான்.

அடுத்து சால்தேன்யா. இது காலைப் பலகாரம், மதியத்துக்குள் தீர்ந்துவிடும். சோமாசி வடிவத்தில், கொஞ்சம் இனிப்பான மாவுக்குள் கோழி அல்லது மாட்டுக்கறி, உருளைக்கிழங்கு, ஆலிவ், நிறையக் குழம்பு. கறிக் கலவையை ஜெலட்டின் சேர்த்துக் குளிரவைத்து உள்ளே வைப்பார்கள். அடுப்பில் அது உருகி அவ்வளவும் சாறாகிவிடும். நடுவில் கடித்தால் சட்டை பாழாகும். செங்குத்தாகப் பிடித்து, மேல் முனையை மட்டும் கடித்து, சாற்றை உறிஞ்சிக்கொண்டே கீழே வாருங்கள்.

11.30 மணி: முரில்லோ சதுக்கம்

இங்கே மட்டும் கொஞ்சம் ஏற்றம் உண்டு, மெதுவாக நடந்தால் போதும். சாலையைக் கடக்கும்போது வரிக்குதிரை வேடமிட்ட இளைஞர்கள் கையைப் பிடித்துக் கூட்டிப் போகலாம். 2001 முதல் போக்குவரத்து ஒழுங்கைச் சொல்லித்தர நகராட்சி நடத்தும் ஏற்பாடு அது.

ஸ்பெயினுக்கு எதிராக 1809இல் எழுந்த பெத்ரோ தொமிங்கோ முரில்லோவை அடுத்த ஆண்டு இந்தச் சதுக்கத்தில்தான் தூக்கிலிட்டார்கள். இன்று அவர் சிலையைச் சுற்றிப் புறாக்களும் பிள்ளைகளும். நாடாளுமன்றக் கட்டடத்தின் கடிகாரத்தை நிமிர்ந்து பாருங்கள். 2014 முதல் முட்கள் இடப்பக்கமாகச் சுற்றுகின்றன, எண்களும் அதற்கேற்ப மாறியிருக்கின்றன. தென் அரைக்கோளத்தில் சூரியக் கடிகாரத்தின் நிழல் அந்தத் திசையில்தான் நகரும். நம் கடிகாரங்கள் வடக்கின் நிழலைப் பார்த்துச் செய்தவை.

நேரமிருந்தால் பக்கத்தில் ஹாயேன் தெருவுக்குப் போங்கள். சரங்கோ என்ற சிறிய தந்திக் கருவியை வாசித்த கலைஞர் எர்னெஸ்தோ காவூர் உருவாக்கிய இசைக்கருவி அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. அப்புறம் விடுதிக்கு வந்து இரண்டு மணி நேரம் படுங்கள். இதைத் தவிர்த்தால் இரவு உங்களுடையதாக இருக்காது.

மாலை 4 மணி: கேபிள் கார்

இந்த நாளின் உயிரே இதுதான். மலைச்சரிவில் கட்டிய ஊரில் மெட்ரோவுக்கு வழியில்லை என்பதால் 2014இல் மி தெலெஃபெரிகோ என்ற கேபிள் கார் சேவையைத் தொடங்கினார்கள். இன்று 10 தடங்கள், சுமார் 30 கிலோமீட்டர். வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்கள் ஏறும் வண்டி இது. நான் போனபோது ஒரு தடத்துக்கு 3 பொலிவியானோ, தொடர்ந்து அடுத்த தடத்துக்கு மாற 2.

பழைய ரயில் நிலையத்தில் இருக்கும் மத்திய நிலையத்துக்கு டாக்ஸியில் போய்ச் சிவப்புத் தடத்தில் ஏறுங்கள். நிலையங்களுக்கு அய்மாரா மொழியிலும் பெயர் வைத்திருக்கிறார்கள். இது தாய்ப்பி ஊத்தா, நடு வீடு. கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்து நிலையம் அஹாயூனி, ஆன்மாக்கள் இருக்கும் இடம். நாம் உட்கார்ந்திருக்கும் கேபிள் கார்ப் பெட்டி அந்தக் கல்லறைகளின் மேலாகவே போகும். மாடி மாடியாக அடுக்கிய சிறு அறைகள், ஒவ்வொன்றின் கண்ணாடிக் கதவுக்குள்ளும் பூக்கள். எதிரில் உட்கார்ந்திருக்கும் பாட்டி சிலுவைக் குறி இட்டால் நீங்களும் பேச்சை நிறுத்திவிடுங்கள்.

மேலே இறங்கும் இடம் எல் ஆல்தோ. வியாழனும் ஞாயிறும் அங்கே பெரிய சந்தை கூடும். பழைய துணி முதல் கார் பாகம் வரை கிடைக்கும். பணத்தை உள்பையில் வையுங்கள், ஃபோனைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள். மற்ற நாட்களில் நிலையத்தை விட்டு வெளியே போகாமல் வெள்ளித் தடத்துக்கு மாறலாம்.

வெள்ளித் தடம் கிண்ணத்தின் விளிம்பை ஒட்டியே போகிறது. ஒரு பக்கம் எல் ஆல்தோவின் செங்கல் வீடுகள், இன்னொரு பக்கம் காலுக்குக் கீழே மொத்த லா பாஸும். பொதுவாக மலை ஊர்களில் வசதியானவர்கள் உச்சியில் இருப்பார்கள். இங்கே நேர் தலைகீழ். பணக்காரர்கள் காற்றும் கதகதப்பும் இருக்கும் தெற்கு அடிவாரத்தில், ஏழைகள் குளிரும் மேட்டில். நீங்கள் உட்கார்ந்திருக்கும் பெட்டி தினமும் இந்த இரண்டையும் இணைக்கிறது.

சூரியன் சாயும் நேரத்தில் மஞ்சள் தடத்துக்கு மாறி இறங்கத் தொடங்குங்கள். 6,438 மீட்டர் உயரமுள்ள இல்லிமானி மலையின் பனி முதலில் ஆரஞ்சாகும், பிறகு ரோஜா நிறம். அது அணைவதற்கும் கீழே வீட்டு விளக்குகள் ஒவ்வொன்றாக எரிவதற்கும் சரியாக இருக்கும். சொப்பொகாச்சி என்ற பகுதியின் நிலையத்தில் இறங்கிவிடுங்கள்.

இரவு: சொப்பொகாச்சியில்

சூடு சட்டென்று இறங்கும். ஜூன், ஜூலையில் இரவு பூஜ்யம் டிகிரியை நெருங்கும், கம்பளிச் சட்டையோடு குல்லாவும் போடுங்கள். சரங்கோவும் மூங்கில் குழலும் வாசிக்கும் பெஞ்யா என்ற பாட்டு உணவகங்கள் ஊரில் உண்டு. விடுதியில் கேட்டால் அன்று எங்கே நடக்கிறது என்று சொல்வார்கள். சிங்கானி என்ற திராட்சை மது பரிமாறுவார்கள். இந்த உயரத்தில் ஒரு கோப்பையே இரண்டின் வேலையைச் செய்யும்.

சாப்பாட்டுக்குத் தெருவோர அந்திகூச்சோ கடையைத் தேடுங்கள். கம்பியில் குத்திய மாட்டு இதயத் துண்டுகளை நெருப்பில் வாட்டும் அம்மா, விசிறியை ஒரு தட்டுத் தட்டினால் தழல் ஆள் உயரத்துக்கு எழும். அதோடு வாட்டிய உருளைக்கிழங்கும் வேர்க்கடலைச் சாந்தும் தருவார். மாட்டுக்கறி சாப்பிடாதவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வேறு கடைகளில் லியாஹ்வா கிடைத்தால் விடாதீர்கள். தக்காளியும் லொகோத்தோ என்ற உருண்டை மிளகாயும் அம்மிக்கல்லில் அரைத்த சட்னி, நம் நாக்குக்குப் பழகிய காரம்.

திரும்பும்போது கூரையில் பெயரும் தொலைபேசி எண்ணும் உள்ள ரேடியோ டாக்ஸியில் மட்டும் ஏறுங்கள். கடைக்காரரையே கூப்பிட்டுத் தரச் சொல்லலாம். வேறு ஆட்கள் உட்கார்ந்திருக்கும் வண்டி வேண்டாம். வழியில் யாராவது போலீஸ் என்று சொல்லி வண்டியில் ஏறச் சொன்னால் ஏறாதீர்கள், விடுதிக்கு வந்து பேசலாம் என்று நில்லுங்கள். விடுதி முகவரி அச்சிட்ட அட்டையைச் சட்டைப்பையில் வைத்திருந்தால் ஓட்டுநரிடம் நீட்டினால் போதும். படுக்கும்போது தலையணையை இரண்டாக அடுக்கி, தண்ணீர் பாட்டிலைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். நடு இரவில் தொண்டை வறண்டு நிச்சயம் விழிப்பு வரும்.