பார்சல் வரவில்லை, விற்றவர் இழுத்தடிக்கிறார்: என்ன செய்வது?

முதல் வேலை, ஸ்கிரீன்ஷாட். ஆர்டர் பக்கம், டெலிவரி தேதி, பணம் கட்டிய ரசீது, டிராக்கிங் பக்கம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். விற்றவர் கடையையே மூடிவிட்டால் பிறகு இவை கிடைக்காது.

‘டெலிவரி ஆகிவிட்டது’ என்று காட்டுகிறதா? கூரியரிடம் டெலிவரிச் சான்று கேளுங்கள்: கையெழுத்து, போட்டோ, இறக்கிய முகவரி, எடை. எடையை விட்டுவிடாதீர்கள். 2 கிலோ பொருளுக்கு 50 கிராம் என்று பதிவாகியிருந்தால், உங்கள் ஊரில் வேறு யாருக்கோ வெற்றுக் கவரை அனுப்பிவிட்டு அதன் டிராக்கிங் எண்ணை உங்களுக்குத் தந்திருக்கலாம். பழைய தில்லுமுல்லுதான்.

விற்றவருக்குத் தளத்தின் மெசேஜிலேயே எழுதுங்கள். போன் பேச்சுக்குச் சாட்சி இல்லை. ஆர்டர் எண், வரவேண்டிய தேதி, வேண்டியது பணமா மாற்றுப் பொருளா, எத்தனை நாள் கெடு. நாலு வரி போதும், திட்டு வேண்டாம்.

அதற்கும் மசியவில்லை என்று நீங்கள் புகார் கொடுத்தால், “புகாரை மூடுங்க, நாளைக்கே அனுப்பிடறோம்” என்பார்கள். மூடாதீர்கள். பேபால் (இணையத்தில் பணம் கட்டும் சேவை) வழியாகக் கட்டியிருந்தால், அங்கே மூடிய புகாரை மறுபடி திறக்க முடியாது. அங்கே பணம் கட்டி 180 நாளுக்குள் புகார் செய்ய வேண்டும். அடுத்த 20 நாளுக்குள் அதைக் கிளெய்மாக, அதாவது பேபாலே விசாரித்து முடிவு சொல்லும் கோரிக்கையாக, மாற்றாவிட்டால் தானாகவே மூடிக்கொள்ளும். நண்பருக்கு அனுப்புவதுபோல் பணம் போட்டிருந்தால் பாதுகாப்பே கிடையாது.

கார்டில் கட்டியிருந்தால் வங்கியில் சார்ஜ்பேக் கேளுங்கள், அதாவது கட்டிய பணத்தை விற்றவரிடமிருந்து திரும்பப் பெற்றுத் தரச் சொல்லுங்கள். பொருள் வரவேண்டிய நாளிலிருந்து 120 நாள் என்பது பொதுவான கெடு. பேபால், வங்கி இரண்டிலும் ஒரே சமயத்தில் புகார் கொடுக்காதீர்கள். வங்கிக்குப் போனதும் பேபால் தன் விசாரணையை மூடிவிடும்.