காலுக்கும் கிளட்சுக்கும் நடுவே நின்ற வால்வு

தண்ணீர் மோட்டாருக்குக் காயில் கட்டுவது என் தொழில். பட்டறை கே.புதூரில். இப்படிப்பட்டவனிடம் பிஎம்டபிள்யூ இசட்4 கார் எப்படி வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. இங்கிலாந்தில் வேலை பார்த்த என் மைத்துனர் ஊர் திரும்பும்போது கப்பலில் கொண்டுவந்த 2003ஆம் ஆண்டு வண்டி அது. மதுரையின் வேகத்தடைகளில் இரண்டு வருடம் அடிவயிறு உரசியதில் மனம் வெறுத்து என் தலையில் கட்டிவிட்டார். கையால் கியர் போடுகிற வண்டி.

எனக்கு அதில் ஒரே ஒரு குறைதான். கோரிப்பாளையம் சிக்னலில் முதல் கியரிலிருந்து இரண்டுக்குப் போனால் தலை முன்னும் பின்னும் ஆடும். கால் மிதியிலிருந்து வந்துவிட்டது, கிளட்ச் இன்னும் வந்து சேரவில்லை என்பது போன்ற உணர்வு. ஒரு பட்டறையில் கியர்பாக்ஸை இறக்கித் தட்டு மாற்ற வேண்டும் என்றார்கள். தட்டில் ஒன்றுமில்லை. குற்றவாளி சுண்டுவிரல் அளவு உலோகத் துண்டு. அதன் பெயர் கிளட்ச் டிலே வால்வு.

கிணற்றில் தொங்கும் ஃபுட் வால்வு தெரிந்தவர்களுக்கு இது எளிது. அது தண்ணீரை மேலே விடும், திரும்ப விடாது. இது திரும்ப விடும், ஆனால் ஊசித்துளை வழியாக மெதுவாக விடும். மிதியை அழுத்தினால் ஆயில், தண்டு ஒன்றால் கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டருக்குத் தடையில்லாமல் ஓடுகிறது. காலைச் சட்டென்று எடுத்தால் திரும்பும் ஆயிலை வால்வு நிறுத்தி நிறுத்தி அனுப்புகிறது. மிதியைத் தொப்பென்று விடும் ஓட்டுநரிடமிருந்து கியர்பாக்ஸையும் பின் அச்சையும் காப்பாற்றத்தான் வைத்திருக்கிறார்கள். பழகிய காலுக்கு அது இடைஞ்சல். இதைக் கழற்றினால் வண்டி வேகம் கூடும், மிதி இலேசாகும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். கிளட்ச் பிடிக்கிற நேரம் உங்கள் காலின் கைக்கு வரும், அவ்வளவே.

சில வண்டிகளில் இந்தத் தடை ஸ்லேவ் சிலிண்டருக்குள்ளேயே இருக்கும். அவற்றுக்கு நான் சொல்லும் வழி பொருந்தாது. முதலில் அடியில் படுத்து, ஸ்லேவ் சிலிண்டரிலிருந்து ஹோஸைத் தொடர்ந்து போய்ப் பாருங்கள். என் வண்டியில் கியர்பாக்ஸின் இடப்பக்கம், ஹோஸும் இரும்புக் குழாயும் சேரும் இடத்தில் அது உட்கார்ந்திருந்தது.

வேலையைக் காலையில் தொடங்குங்கள். முந்தின இரவே வண்டியை நிறுத்தி வைத்தால் சைலன்சர் குழாய் ஆறியிருக்கும். சித்திரை வெயிலில் சிமெண்ட் தரையில் முதுகு வைக்கிற கொடுமையும் இருக்காது. இவ்வளவு தாழ்வான வண்டிக்குக் கீழே ஜாக்கி நுழையாது. முன் சக்கரங்களை இரண்டு பலகைகள் மேல் ஏற்றி, பிறகு ஜாக்கி வைத்தேன். தூக்கியதும் ஸ்டாண்டு கொடுக்க வேண்டும், பின் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கிறவரிடம் எனக்குப் பேச்சில்லை.

வாங்க வேண்டியவை கொஞ்சம்தான்: முத்திரை உடைக்காத டாட் 4 பிரேக் ஆயில் அரை லிட்டர், மீன்தொட்டிக்குப் போடும், உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாய் ஒரு முழம், பனியன் துணி. பாதி தீர்ந்து அலமாரியில் கிடக்கும் பழைய டப்பா வேண்டாம். அந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 தரத்தின்படி புது ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறியதற்கு அந்த வரம்பு 155தான். கிளட்சும் பிரேக்கும் ஒரே தொட்டியில் குடிக்கின்றன என்பதை மறக்காதீர்கள்.

தொட்டி மூடியைத் திறந்து, ஒரு பாலித்தீன் தாளை வைத்து மறுபடி மூடினேன். காற்று உள்ளே போக வழியில்லாததால் கீழே கழற்றும்போது ஆயில் ஒழுகுவது வெகுவாகக் குறையும். கழற்றுவதற்குப் பிளவு வாய் உள்ள ரிங் ஸ்பேனர், அதாவது பிரேக் குழாய்க்கென்றே விற்கும் ஸ்பேனர் வேண்டும். சாதாரண ஸ்பேனர் நட்டின் முனைகளை மழுக்கிவிடும். பிறகு குழாயையே மாற்ற வேண்டியதுதான். ஒரு ஸ்பேனரால் வால்வை அசையாமல் பிடித்து, இன்னொன்றால் குழாய் நட்டைத் திருப்ப வேண்டும். பிடிக்காமல் திருப்பினால் குழாய் முறுக்கிக்கொள்ளும். அடுத்து வால்வை ஹோஸிலிருந்து கழற்றினால் வேலையின் முதல் பாதி முடிந்தது. என் வண்டியில் வால்வின் ஒரு முனையில் ஆண் மரை, மறு முனையில் பெண் மரை. ஆகவே நடுவில் இருந்தவர் போனதும் குழாயும் ஹோஸும் நேரே பொருந்திக்கொண்டன. மரையை முதலில் விரலால் மட்டும் ஏற்றுங்கள். விரலுக்கு மசியவில்லையென்றால் கோணலாக ஏறுகிறது என்று பொருள். கடைசியில் ஸ்பேனரால் இறுக்கினால் போதும், தொங்கி இறுக்க வேண்டாம்.

இந்த இணைப்புகளில் எதையும் மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவாதீர்கள். என் பட்டறையில் எல்லாவற்றுக்கும் மண்ணெண்ணெய்தான். இங்கே அது உள்ளே இருக்கும் ரப்பர் வாஷரை உப்ப வைத்துக் கெடுத்துவிடும். பிரேக் ஆயில் பெயிண்டையும் அரிக்கும். சொட்டினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

இரண்டாம் பாதி ஏர் எடுப்பது. வால்வைக் கழற்ற எனக்கு முக்கால் மணி நேரம்தான் ஆனது. ஏர் எடுக்க மத்தியானம் வரை இழுத்தது. மோட்டார் குழாயில் ஏர் பிடித்துக்கொண்டால் தண்ணீர் ஏறாது என்று தினம் பத்துப் பேரிடம் சொல்கிற எனக்கே முதல் முறை மிதி தரையில் படுத்துக்கொண்டபோது வயிறு கலங்கியது. பாலித்தீன் தாளை எடுத்துவிட்டு, தொட்டியை நிரப்பி, மகனை உள்ளே உட்காரவைத்தேன். மூன்றே சொல்: “மிதி”, “பிடி”, “விடு”. ஸ்லேவ் சிலிண்டரில் காற்றை வெளியேற்ற ஒரு திருகு உண்டு, அதுதான் நிப்பிள். பிளாஸ்டிக் குழாயை அதில் மாட்டி, அவன் மிதித்துப் பிடித்திருக்கும்போது நிப்பிளைத் திறந்து, குமிழி வந்ததும் மூடி, பிறகுதான் விடச் சொல்ல வேண்டும். நான் மூடும் முன்பே அவன் ஒரு முறை விட்டுவிட்டான். உள்ளே காற்று, மறுபடி முதலிலிருந்து. “நன்றாக ஓடிய வண்டியைப் பிரித்துப் போட்டு அப்பாவும் பிள்ளையும் விளையாடுகிறார்கள்” என்று திண்ணையிலிருந்து அம்மாவின் குரல்.

இருபது முறை மிதித்தும் மிதி பஞ்சாகவே இருந்தது. அப்போதுதான் ஸ்லேவ் சிலிண்டரையே கழற்றினேன். 13ஆம் எண் நட்டு இரண்டு. ஹோஸ் மாட்டியபடியே அதைத் தண்டு கீழே, நிப்பிள் மேலே இருக்குமாறு பிடித்துக்கொள்ள வேண்டும். நிப்பிளைத் திறந்து, குழாயை ஆயில் உள்ள புட்டியில் முக்கி, தண்டைக் கையால் மெதுவாக உள்ளே அழுத்துங்கள். நிப்பிளை மூடி, தண்டை மெதுவாகவே வெளியே வர விடுங்கள். மூன்றாவது தடவையில் பட்டாணி அளவு குமிழி ஒன்று குழாயில் ஏறியது. அந்த ஒன்றுதான் இவ்வளவு நேரம் எங்களை ஆட்டிவைத்தது. சிலிண்டர் வெளியே தொங்கும்போது மட்டும் யாரும் மிதியைத் தொடக் கூடாது. தண்டு தெறித்து வந்துவிடும். மகனை வண்டியை விட்டே இறக்கிவிட்டேன். இதற்கிடையில் தொட்டி மட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். அது வற்றினால் பிரேக்கிலும் காற்று புகும்.

எல்லாம் மாட்டியபின் இஞ்சினை ஓடவிட்டு ரிவர்ஸ் கியர் போட்டுப் பாருங்கள். கரகரப்பில்லாமல் விழுந்தால் காற்று போய்விட்டது. பிரேக் மிதியும் கெட்டியாக இருக்கிறதா என்று வீட்டு வாசலிலேயே சோதித்துவிடுங்கள். இணைப்பைத் துடைத்து, கீழே செய்தித்தாள் விரித்து வைத்தேன். மறுநாள் காலை தாள் காய்ந்திருந்தது.

அன்றைக்கே நத்தம் சாலை உயர்மட்டப் பாலத்தில் ஏறினேன். தல்லாகுளத்தில் ஏறினால் 7.3 கிலோமீட்டருக்குச் சிக்னல் இல்லை. இரண்டு, மூன்று, நான்கு என்று மாற்றினேன், தலை ஆடவில்லை. கால் வந்த நேரத்தில் கிளட்சும் வந்தது.

கழற்றிய வால்வைத் தூக்கி எறியவில்லை. மருந்து டப்பாவில் போட்டு, மேலே வண்டி எண்ணை எழுதி வைத்திருக்கிறேன். போன ஞாயிறு வந்த மைத்துனர் சாவியைக் கேட்டு வாங்கி, வாசலைத் தாண்டுவதற்குள் இரண்டு முறை இஞ்சினை அணையவிட்டுவிட்டார். “என்ன மாப்பிள்ளை செய்தீர்கள் இதை?” என்றார். டப்பாவைத் திறந்து காட்டினேன்.