டிகாக்ஷன் இறங்கலையா? பில்டர், பிரெஞ்ச் பிரஸ், மோகா பாட், ஏரோபிரஸ்: எது தோது?

எங்கள் காட்பாடி வீட்டில் இந்த நான்கும் இருக்கின்றன. எதை வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பால் ஊற்றிக் குடிப்பீர்களா? ஆமென்றால் எவர்சில்வர் பில்டர் போதும்.

இரண்டு பேருக்கு 20 கிராம் பொடி. மேல் அடுக்கில் போட்டு, பக்கவாட்டில் தட்டிச் சமமாக்கி, குடையை (காம்பு வைத்த ஓட்டைத் தட்டு) வையுங்கள். அழுத்த வேண்டாம். கொதித்து இறக்கிய தண்ணீர் 120 மில்லி ஊற்றி மூடுங்கள். 40 மில்லியைப் பொடியே குடித்துவிடும், மீதி கள்ளிச்சொட்டாக இறங்கும்.

இறங்கினால்தானே! புதுசாக வாங்கியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். உடனே பொடியைக் கிளறாதீர்கள், டிகாக்ஷன் கலங்கி வண்டல் இறங்கிவிடும். முதலில் மேல் அடுக்கைத் துணியால் பிடித்து ஒரு நூல் அளவு தூக்கி, லேசாகத் திருகி வையுங்கள். இரண்டு அடுக்கும் இறுக்கமாகப் பொருந்தினால் கீழே உள்ள காற்றுக்கு வெளியேற வழியில்லை, அதுதான் டிகாக்ஷனைத் தாங்கி நிற்கிறது. பாதி நேரம் இதிலேயே சொட்ட ஆரம்பிக்கும். அப்படியும் அசையாவிட்டால் பொடி ரொம்ப நைஸ், அல்லது சிக்கரி அதிகம். சிக்கரி தண்ணீரில் ஊறி உப்பி வழியை அடைக்கும். கடையில் காபி 80, சிக்கரி 20 என்று கலந்து, பில்டருக்கென்று சொல்லி அரைத்து வாங்குங்கள்.

பிரெஞ்ச் பிரஸ்ஸுக்கு ரவை பதத்தில் அரைத்த, சிக்கரி இல்லாத பொடி. ஜாடியில் சுடுதண்ணீரோடு நாலு நிமிடம் ஊறவிட்டு, வலை வைத்த மூடியை அமுக்கினால் முடிந்தது. கடுங்காபிக்கு நல்ல ருசி. ஆனால் கழுவுவது பெரும்பாடு: வலையில் சக்கை சிக்கும், அப்படியே சிங்க்கில் கொட்டினால் குழாய் அடைக்கும். வழித்துச் செடிக்குப் போட்டுவிடுங்கள்.

மோகா பாட் 1933 முதல் இருக்கிற இத்தாலிக்காரச் சாமான். அடி அறையில் வால்வுக்குக் கீழே வரை தண்ணீர், நடுவில் அழுத்தாத பொடி, சின்னத் தீ; ஆவி தள்ளி டிகாக்ஷன் மேல் அறைக்கு ஏறும். பாலுக்கும் ஈடுகொடுக்கும், பில்டரைவிடச் சீக்கிரம். எங்கள் போர் தண்ணீரில் உள்ளே வெள்ளையாக உப்பு படிகிறது, அதனால் கேன் தண்ணீர்தான் ஊற்றுகிறேன்.

கழுவ நோகாதது ஏரோபிரஸ்: அடியில் வடிகட்டும் காகிதம் வைத்து, ஊசி போடும் சிரிஞ்ச் மாதிரி கையால் தள்ளும் குழல். ஒரே தள்ளு, சக்கை வில்லையாக வெளியே வந்து விழும். ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்வேன். வீசி விளையாடும் பறக்கும் வளையம் செய்து பேர் வாங்கிய ஆலன் ஆட்லர் 2005இல் கொண்டுவந்தது. விலைதான் கொஞ்சம் கையைக் கடிக்கும்.

பிற்சேர்க்கை: சிக்கரிப் பொடியை ஏரோபிரஸ்ஸில் போடலாமா என்று பின்னூட்டத்தில் கேட்டிருந்தார்கள். காகிதம் அடைத்துக்கொள்ளும், கை வலிக்கத் தள்ள வேண்டியிருக்கும், வேண்டாம். பழைய பில்டர் ஓட்டை அடைத்திருந்தால், மேல் அடுக்கைக் காயவைத்து அடிப்பக்கத்தைக் கேஸ் தீயில் காட்டுங்கள். சக்கை கருகியதும் ஆறவிட்டுத் தேய்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். வெளிச்சம் தெரியாத ஓட்டையை ஊசியால் குத்துங்கள். பிளாஸ்டிக் பிடி வைத்த பில்டர் என்றால் தீப்பக்கமே போகாதீர்கள், சுடுதண்ணீரில் ஊறப்போட்டு ஊசியாலேயே குத்துங்கள்.