பெல்லி நடனம்: புதிதாக ஆட வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கையை எங்கே வைப்பது, இடுப்பை எவ்வளவு தூக்குவது என்பதையெல்லாம் முதல் மாதத்திலேயே திருத்திவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். புதிதாக வருபவர்களைப் பார்க்கும்போது என் முதல் வருடமே எதிரே நிற்பது போல இருக்கிறது. அவ்வளவு பழைய தவறுகள், இன்னும் அப்படியே.

பாட்டைக் கேட்காமல் எட்டு எண்ணி ஆடுவது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். வீடியோ பார்த்து அசைவுகளை வரிசையாக மனப்பாடம் செய்கிறார்கள். எந்தப் பாட்டு ஓடினாலும் அதே வரிசை.

இந்த ஆட்டத்துக்குக் கையால் வாசிக்கும் அரபு முரசு தர்புக்கா. அதன் நடுவில் அடித்தால் கனமான 'தூம்', விளிம்பில் அடித்தால் கூரான 'தெக்'. மக்சூம் தாளம்: தூம் தெக் தெக் தூம் தெக். சயீதி: தூம் தெக் தூம் தூம் தெக். மாறுவது ஒரே ஓர் அடி. ஆனால் அந்த இரட்டைத் தூமில்தான் மேல் எகிப்தே, அதாவது எகிப்தின் தெற்குப் பகுதியே, இருக்கிறது. அங்கே ஆண்கள் கம்பு வீசும் தஹ்தீபும், பெண்கள் கைத்தடி சுழற்றி ஆடுவதும் இந்தத் தாளத்துக்குத்தான். உடம்பின் பாரம் தரையில் இறங்க வேண்டிய இடத்தில் மிதந்து போனால் ஆட்டமே கெட்டுவிடும்.

தக்சீம் வந்தால் இன்னும் மோசம். ஒரே வாத்தியம் மனோதர்மமாக வாசிக்கும் பகுதி அது. பெரும்பாலும் தாளக்கட்டு இருக்காது, எண்ணுவதற்கு ஒன்றுமில்லை. நே குழல் இழுத்து ஊதும்போது இடுப்பு நிதானமாக வளைய வேண்டும். கானூன் தந்திகள் படபடக்கும்போது உடம்பில் நடுக்கம் ஓட வேண்டும்.

பதிவு செய்த பாட்டுக்கு மாதக்கணக்கில் பழகிய ஒரு பெண், நேரடி வாத்தியக்காரர்களோடு ஆடியதைப் பார்த்தேன். அன்று நே வாசித்தவர் ஒரு சங்கதியைத் திரும்ப எடுத்து நீட்டினார். அவளுக்கு எண்ணிக்கை முடிந்துவிட்டது. கையை உயர்த்தி நின்றுவிட்டாள். குழல் நிற்கவில்லை. அவர் அவளையே பார்த்தபடி, எங்கே முடிப்பதென்று தெரியாமல் ஊதிக்கொண்டிருந்தார். அவளைக் குறை சொல்ல மாட்டேன். எண்ணிக்கையை மட்டும் சொல்லிக்கொடுத்து மேடையேற்றியவர்கள்மேல்தான் கோபம். அத்தனை மாத உழைப்பு!

முதலில் உட்கார்ந்து கேளுங்கள். தொடையில் தட்டுங்கள்: உள்ளங்கையால் தூம், விரல் நுனியால் தெக். தட்டிக்கொண்டே பக்கத்தில் இருப்பவரோடு பேச முடிகிறதா? சரி, இப்போது எழுந்து ஆடலாம்.

பாட்டின் பொருள் தெரியாமல் ஆடுவது

பிரிவைப் பாடும் வரிக்குப் பல் தெரியச் சிரிக்காதீர்கள்.

முட்டியை இறுக்குவது

முட்டி இறுகினால் இடுப்பு நகராது. அப்புறம் கீழ்முதுகை வளைத்து ஈடுகட்டுவார்கள், வலியும் அங்கேதான் வரும். முட்டியைத் தளர்வாக விடுங்கள்.

உடை

முதல் வருடம் வாங்காதீர்கள். இடுப்பில் ஒரு துணி கட்டினால் போதும்.

அந்தப்புரக் கதை

"சுல்தானை மகிழ்விக்க அடிமைப் பெண்கள் ஆடியது" என்று மேடையில் அறிமுகம் வாசிக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். எகிப்தில் இது கல்யாண வீட்டில் பெண்களும் ஆண்களும் குழந்தைகளும் ஆடும் ஆட்டம். தொழிலாக ஆடிய கவாஸிப் பெண்களை 1834-இல் எகிப்தை ஆண்ட முகமது அலி கெய்ரோவிலிருந்து தெற்கே துரத்தினார். இன்றைய மேடை வடிவத்தில் பெரும்பங்கு, நடனக் கலைஞர் பதியா மசாப்னி 1926-இல் கெய்ரோவில் தொடங்கிய அரங்குக்கு உண்டு. தஹியா கரியோகா, சாமியா கமால் இருவரும் அங்கே ஆடி வளர்ந்தவர்கள். அறிமுகம் வாசிக்க வேண்டுமென்றால் இவர்கள் பெயரைச் சொல்லுங்கள்.