எட்ரஸ்கன், ரோமானியக் கலையைப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரோமுக்குச் சுற்றுலா போகிறவர்கள், கலை வரலாறு படிக்கிற மாணவர்கள், சும்மா ஆர்வத்தில் காணொளி பார்ப்பவர்கள் என்று எல்லோரிடமும் ஒரே மாதிரியான சில தப்பான எண்ணங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன. இன்று மிஞ்சியிருப்பதையே அன்று இருந்த முழுமை என்று எடுத்துக்கொள்கிறோம். இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறு வருடங்களில் கல் நின்றது, மரம் மக்கியது, வெண்கலத்தை உருக்கிவிட்டார்கள், வண்ணம் உதிர்ந்துவிட்டது. இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

எட்ரஸ்கர்களிடமிருந்தே தொடங்கலாம். இத்தாலியின் நடுப்பகுதியில், அர்னோ, டைபர் ஆறுகளுக்கு இடைப்பட்ட நிலத்தில், டார்குவினியா, செர்வெதெரி, வெயி, வுல்ச்சி என்று நகரம் நகரமாக வாழ்ந்தவர்கள். ரோம் இன்னும் சின்ன ஊராக இருந்தபோதே இவர்கள் பணக்காரர்கள். இவர்களைப் பற்றிப் பேசும்போது முதலில் வருவது "மர்ம மக்கள்" என்கிற அடைமொழிதான், அதை விட்டுவிடுங்கள். எங்கிருந்து வந்தார்கள் என்பது பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் காலத்துச் சண்டை. 2021 இல் வெளியான மரபணு ஆய்வு, அவர்கள் அக்கம்பக்கத்து இத்தாலிய மக்களோடு ஒரே பின்புலம் கொண்டவர்கள் என்றே காட்டியது. அவர்களுடைய எழுத்து கிரேக்கத்திலிருந்து வந்தது, எனவே வாசித்துவிட முடிகிறது. மொழி இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேராததால் நீண்ட உரைகள்தான் கடினம். பெயர்கள், உறவுமுறைகள், பதவிகள் எல்லாம் நன்றாகவே புரிகின்றன.

அடுத்தது, "எட்ரஸ்கர்கள் சாவைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தவர்கள்" என்பது. டார்குவினியாவில் சுமார் 6,000 கல்லறைகள், அவற்றில் 200 அளவில் ஓவியம் தீட்டியவை. செர்வெதெரியில் தெருவும் சந்துமாக ஒரு கல்லறை நகரமே இருக்கிறது. 2004 இல் யுனெஸ்கோ இரண்டையும் சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. இவ்வளவையும் பார்த்தால் அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் யோசித்துப் பாருங்கள், கல்லறைகளை எரிமலைப் பாறையில் குடைந்தார்கள், வீடுகளை மரத்தாலும் பச்சைச் செங்கல்லாலும் கட்டினார்கள். எது நிற்கும்? அதோடு அந்தக் கல்லறைகளுக்குள் இருப்பது பெரும்பாலும் வாழ்க்கைதான். செர்வெதெரியில் புடைப்புச் சிற்பக் கல்லறை என்று ஒன்று உண்டு. அதன் சுவரிலும் தூணிலும் சுண்ணச்சாந்தில் வடித்து வண்ணம் பூசிய பொருட்களைப் பாருங்கள்: தலையணைகள், கத்திகள், கயிற்றுச் சுருள், கிண்ணங்கள், கேடயங்கள், கட்டிலுக்குக் கீழே ஒரு ஜோடிச் செருப்பு. அவர்களுடைய அடுக்களையில் என்ன தொங்கியது என்று இன்று நமக்குத் தெரிவதே இந்த மாதிரி ஒரு கல்லறையால்தான்.

"எல்லாம் கிரேக்கத்தைப் பார்த்துச் செய்தது" என்பது இன்னொரு தவறு, எனக்கு ரொம்பவும் வருத்தம் தருவதும் இதுதான். கிரேக்கத் தாக்கம் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் செர்வெதெரியில் கிடைத்து இப்போது ரோமின் வில்லா ஜூலியா அருங்காட்சியகத்தில் இருக்கும் தம்பதியர் ஈமப்பேழையின் முன் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். சுமார் கி.மு. 520 ஐச் சேர்ந்தது, முழுக்கச் சுடுமண். கணவனும் மனைவியும் விருந்துக் கட்டிலில் சாய்ந்திருக்கிறார்கள், அவன் கை அவள் தோளைச் சுற்றி வருகிறது. முகங்களில் அந்தக் காலத்துக் கிரேக்கச் சிலைகளின் புன்னகையும் வாதுமை வடிவக் கண்களும் இருக்கின்றன, சரி. ஆனால் கைகளைப் பாருங்கள். நான்கு கைகளும் நான்கு விதமாகத் திரும்பி, விரல்கள் எதையோ பிடிக்கவும் நீட்டவும் செய்கின்றன, அந்த விரல்களில்தான் சிற்பி தன் முழுத் திறமையையும் காட்டியிருக்கிறான். இடுப்புக்குக் கீழே கால்கள் கிட்டத்தட்டத் தட்டையாகப் போய்விடுகின்றன, அதைப் பற்றி அவனுக்குக் கவலையே இல்லை. உடற்கூறு சரியாக அமைய வேண்டும் என்று மெனக்கெட்ட கிரேக்கச் சிற்பியின் நோக்கம் வேறு, பேச்சையும் சைகையையும் மண்ணில் பிடிக்க நினைத்த இவனுடைய நோக்கம் வேறு. இன்னொன்று, கிரேக்க விருந்தில் மனைவி கணவனோடு இப்படிச் சாய்ந்து உட்காரவே முடியாது. எட்ரஸ்கப் பெண்கள் விருந்தில் ஆண்களுக்குச் சமமாக அமர்வதைப் பார்த்துக் கிரேக்க எழுத்தாளர்கள் முகம் சுளித்து எழுதி வைத்திருக்கிறார்கள்.

கோயில்களிலும் இதே குழப்பம். தூண் தெரிந்தால் உடனே "கிரேக்கக் கோயில்" என்று சொல்லிவிடுகிறோம். கிரேக்கக் கோயிலுக்கு நான்கு பக்கமும் படி, நான்கு பக்கமும் தூண், எந்தத் திசையிலிருந்து பார்த்தாலும் முழுமையாகத் தெரியும். எட்ரஸ்கக் கோயில் உயரமான மேடைமேல் நிற்கும், படிக்கட்டு முன்பக்கம் மட்டும், தூண்களும் முன்மண்டபத்தில்தான், பின்சுவர் வெறுமனே மூடியிருக்கும். அதாவது வந்தவரை முன்னால் நிறுத்தி மேலே ஏறவைக்கிற கட்டடம். ரோமானியர்கள் இந்த அமைப்பை அப்படியே வாங்கிக்கொண்டார்கள். பிரான்சின் நீம் நகரத்தில் நிற்கும் மேசோன் கரே கோயிலைச் சுற்றி நடந்தால் தெரியும், பக்கவாட்டில் இருப்பவை சுவரோடு ஒட்டிய அரைத்தூண்கள், கிரேக்கத் தோற்றத்துக்காக வைத்தவை. மேடையும் முன்படியும் ஆழமான மண்டபமும் எட்ரஸ்கச் சொத்து.

எட்ரஸ்கக் கோயிலின் சிலைகள் எங்கே நின்றன என்பதையும் மறந்துவிடக் கூடாது. வெயி நகரின் அப்பல்லோ, சுமார் கி.மு. 510 ஐ ஒட்டியது, ஆளுயரச் சுடுமண் சிலை, 1916 இல் தோண்டி எடுக்கப்பட்டது. அருங்காட்சியகத்தில் அது நம் கண்ணுக்கு நேரே நிற்பதால் அதன் விறைப்பும் கூர்மையான மடிப்புகளும் முரட்டுத்தனமாகத் தோன்றலாம். அது நின்றது கோயில் கூரையின் முகட்டில், தரையிலிருந்து சுமார் 12 மீட்டர் உயரத்தில், வானத்தைப் பின்னணியாக வைத்து. அவ்வளவு தூரத்தில் மென்மையாகச் செதுக்கினால் ஒன்றும் தெரியாது. கால்களுக்கு நடுவே சுருள் வேலைப்பாடு செய்த ஒரு பலகை இருக்கும், அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிவிடாதீர்கள், அவ்வளவு எடையுள்ள மண் உடம்பை அதுதான் தாங்குகிறது.

பானைகளுக்கு வருவோம். எட்ரஸ்கக் கல்லறைகளில் கறுப்பும் சிவப்புமாக அழகான கலயங்கள் ஏராளமாகக் கிடைத்ததால் 18 ஆம் நூற்றாண்டில் எல்லோரும் அவற்றை எட்ரஸ்கக் கலயங்கள் என்றே அழைத்தார்கள். இங்கிலாந்தில் வெட்ஜ்வுட் தன் பீங்கான் ஆலைக்கு எட்ரூரியா என்று பெயர் வைத்ததே அந்த மயக்கத்தில்தான். அவற்றில் மிகப் பல ஏதென்ஸில் செய்து இறக்குமதியானவை. எட்ரஸ்கர்களுக்கே உரியது புக்கேரோ, காற்றைக் குறைத்துச் சூளையில் சுட்டு உள்ளும் புறமும் கறுப்பாக்கி மெருகேற்றிய பாண்டம். கிடைத்த இடமும் செய்த இடமும் ஒன்று என்று நினைப்பது நம்மூரிலும் நடந்திருக்கிறது. 1945 இல் பிரிட்டிஷ் தொல்லியலாளர் வீலர் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் தோண்டியபோது இத்தாலியின் அரெட்டியத்தில், அதாவது பழைய எட்ரஸ்க நகரான இன்றைய அரெட்ஸோவில், பேர்பெற்ற சிவப்புப் பாண்ட வகை கிடைத்தது, அது உண்மையான இறக்குமதி. ஆனால் அங்கேயே கிடைத்த, நடுவில் புள்ளி வரிசைகள் உருட்டிய தட்டுகளையும் அவர் மத்தியதரைக் கடல் சரக்கு என்று நினைத்தார். அவை இந்தியாவிலேயே செய்தவை என்று பின்னால் வந்த களிமண் ஆய்வுகள் காட்டின.

படங்களைப் போட்டு எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது கேப்பிட்டோலின் ஓநாய், ரோமின் சின்னமாகவே ஆகிவிட்ட வெண்கலப் பெண் ஓநாய். எட்ரஸ்கக் கலை என்றாலே அந்தப் படம்தான் வரும். அடியில் பால் குடிக்கும் இரட்டைக் குழந்தைகள் 15 ஆம் நூற்றாண்டில் சேர்த்தவை, அதில் சந்தேகமே இல்லை. ஓநாயைப் பொறுத்தவரை, 1997 இல் தொடங்கிய பராமரிப்பு வேலையின்போது அது ஒரே வார்ப்பில் ஊற்றப்பட்டது என்று தெரிந்தது. பழங்காலப் பெரிய வெண்கலங்களைத் துண்டு துண்டாக வார்த்து இணைப்பதுதான் வழக்கம். கரிமக் காலக்கணிப்பும் அதை 11, 12 ஆம் நூற்றாண்டுப் பக்கம் கொண்டுபோகிறது. எல்லா அறிஞர்களும் ஒத்துக்கொள்ளவில்லை என்றாலும், எட்ரஸ்க வெண்கலத்துக்கு எடுத்துக்காட்டாக அதைக் காட்டுவதை நிறுத்திவிட்டு, 1553 இல் கிடைத்த அரெட்ஸோ கிமேராவைக் காட்டலாமே, சிங்க உடம்பும் முதுகில் ஆட்டுத் தலையும் பாம்பு வாலும் கொண்ட புராண விலங்கின் வெண்கலச் சிலை அது. சுமார் கி.மு. 400, முன்காலில் எட்ரஸ்க எழுத்து, சந்தேகத்துக்கு இடமில்லை. ஒரே எச்சரிக்கை, ஆட்டின் கொம்பைக் கடிக்கும் அந்தப் பாம்பு வால் 18 ஆம் நூற்றாண்டுப் பழுதுபார்ப்பு.

போலிகளும் உண்டு. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 1915 முதல் வாங்கிய மூன்று பிரமாண்டமான எட்ரஸ்கச் சுடுமண் வீரர்கள் பல வருடங்கள் அங்கே நின்றார்கள். 1961 இல் அல்ஃபிரேடோ ஃபியோரவாந்தி என்பவர் அவற்றைச் செய்ததில் தனக்குப் பங்கு உண்டு என்று ஒப்புக்கொண்டு, ஒரு வீரனின் கையில் காணாமல் போயிருந்த கட்டைவிரலையும் எடுத்துக் கொடுத்தார். கச்சிதமாகப் பொருந்தியது.

இனி ரோமானியர்கள். "வளைவைக் கண்டுபிடித்ததே ரோமானியர்கள்தான்" என்று பள்ளிப் பாடம் மாதிரிச் சொல்வதைக் கேட்கிறோம். மெசொப்பொத்தேமியாவில் அதற்கு வெகுகாலம் முன்பே வளைவு இருந்தது, வோல்டெர்ரா, பெருஜியா நகர வாயில்களில் எட்ரஸ்கர்கள் கட்டிய கல் வளைவுகள் இன்றும் நிற்கின்றன. ரோமானியர்கள் செய்தது வளைவையும் காங்கிரீட்டையும் சேர்த்து எந்த அளவுக்கும் கட்டலாம் என்று காட்டியது. அந்தக் காங்கிரீட்டைப் பற்றியும் மிகைப்படுத்தல் அதிகம். சுண்ணாம்பு, எரிமலைச் சாம்பல் கலந்த சாந்தையும் உடைகல்லையும் அடுக்கடுக்காகக் கையால் போட்டு நிரப்பியது அது, நம்முடையதைப் போல ஊற்றியது இல்லை. இன்றைய காங்கிரீட்டைவிட வலுவானது என்பதும் சரியில்லை. உள்ளே இரும்புக் கம்பி இல்லாததால் துருப்பிடித்து வெடிக்கவில்லை, வடிவமே சுமையை அழுத்தமாக மாற்றிக் கீழே இறக்கிவிட்டது. மேலும் நிற்பவற்றை மட்டும்தான் நாம் எண்ணுகிறோம். ரோமில் ஏழைகள் வாடகைக்கு இருந்த மாடிக் குடியிருப்புகள் இடிந்து விழுவது அன்றாடப் புலம்பலாக இருந்தது.

ரோமில் இருக்கும் பாந்தியன் கோயில் இதற்கு மிகச் சிறந்த பாடம். முகப்பில், பேரரசர் அகஸ்டஸின் வலக்கரமாக இருந்த அக்ரிப்பா கட்டினார் என்று பெரிய எழுத்தில் இருக்கிறது, எனவே கி.மு. 27 ஐ ஒட்டிய கட்டடம் என்று எழுதிவிடுகிறார்கள். அந்தக் கட்டடம் கி.பி. 80 இல் எரிந்தது. நாம் பார்ப்பது பேரரசர் ட்ராஜன் காலத்தின் கடைசியில் தொடங்கி, அடுத்து வந்த ஹாட்ரியன் காலத்தில் முடிந்தது, செங்கற்களில் குத்திய முத்திரைகளே காட்டிக்கொடுத்துவிட்டன. பழையவரின் பெயரை அப்படியே விட்டிருக்கிறார்கள். உள்ளே போனால் கூரையின் நடுத்துளையைப் படமெடுப்பதோடு நிறுத்தாமல் குவிமாடத்தின் எடையைப் பற்றி யோசியுங்கள். 43 மீட்டருக்கு மேல் விட்டம், கம்பி இல்லை. அடியில் கனமான கல் கலந்திருக்கிறார்கள், மேலே போகப்போக லேசான கல், உச்சியில் நுரைக்கல், தடிமனும் குறைந்துகொண்டே வருகிறது.

கொலோசியத்தின் வெளிச்சுவரில் தூண்களைப் பார்த்து அவைதான் தாங்குகின்றன என்று நினைக்காதீர்கள். தாங்குவது வளைவுகளும் அவற்றின் தடித்த கால்களும். கீழிருந்து மேலாக டஸ்கன், அயோனிக், கொரிந்தியன் என்று மூன்று பாணிகளில் ஒட்டியிருக்கும் அரைத்தூண்கள் சுவருக்கு ஒழுங்கு தருபவை. சுவர் முழுக்க இருக்கும் ஓட்டைகள் போரில் விழுந்தவை இல்லை, கற்களைப் பிணைத்த இரும்புக் கவ்விகளை இடைக்காலத்தில் பிடுங்கி எடுத்த தடம்.

சிலைகளில் "வெள்ளைப் பளிங்கு" மயக்கம். 1863 இல் ரோமுக்குப் பக்கத்தில் ப்ரீமா போர்ட்டாவில் கிடைத்த பேரரசர் அகஸ்டஸின் சிலையில் சிவப்பும் நீலமும் ஒட்டியிருந்தன, வெறும் கல்லாக யாரும் விடவில்லை. கிரேக்க மூலமா ரோமானியப் பிரதியா என்றும் பார்க்கப் பழகுங்கள். நேப்பிள்ஸில் இருக்கும், பொம்பேயில் கிடைத்த ஈட்டி ஏந்தியவன் சிலையின் காலோடு ஒரு மரத்துண்டு ஒட்டியிருக்கும். மூலமான வெண்கலத்துக்கு அது தேவைப்பட்டிருக்காது. பளிங்கின் கணுக்கால் அவ்வளவு எடை தாங்காது, அதனால் பிரதி செய்தவர் சேர்த்தது. பேரரசர்கள் வருவதற்கு முந்தைய ரோமானியக் குடியரசுக் காலத்தின், சுருக்கம் விழுந்த கிழட்டு முகங்களை உள்ளது உள்ளபடி என்று நம்பிவிடுவதும் சரியில்லை. அனுபவமும் கண்டிப்பும் அன்று அரசியல்வாதிக்கு மரியாதை, அதனால் சுருக்கத்தைக் கூட்டியே காட்டினார்கள். அதற்கு நேர்மாறாக, எழுபதைத் தாண்டி வாழ்ந்த அகஸ்டஸ் கடைசிவரை சிலைகளில் இளைஞர்தான்.

கொலோசியத்துக்குப் பக்கத்தில் நிற்கும் கான்ஸ்டன்டைன் வெற்றி வளைவை கி.பி. 315 இன் சிற்பக்கலை என்று மொத்தமாக எழுதாதீர்கள். ட்ராஜன், ஹாட்ரியன், மார்க்கஸ் அரேலியஸ் காலத்துப் பலகைகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து, பேரரசர் தலைகளை மாற்றிச் செதுக்கிப் பதித்திருக்கிறார்கள். குட்டையான, நேரே பார்க்கிற உருவங்கள் வரிசையாக நிற்கும் ஒல்லியான பட்டைதான் கான்ஸ்டன்டைன் காலத்தது, அதற்கு மேலேயே ஹாட்ரியனின் வட்டப் பலகைகள்.

கடைசியாக, போகிற வரிசை. ஃபோரமும் (பழைய ரோமின் நடுச் சதுக்கம்) கொலோசியமும் பார்த்துவிட்டு நேரம் மிஞ்சினால் எட்ரஸ்கர்கள் என்று வைக்காதீர்கள், அப்புறம் எல்லாமே ரோமின் முன்னுரை மாதிரித் தெரியும். முதல் நாள் காலையிலேயே வில்லா ஜூலியா போங்கள். அதன் தோட்டத்தில் அலாத்ரி ஊரின் பழைய கோயிலை 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் முழு அளவில் கட்டி வைத்திருக்கிறார்கள், மரத் தூணும் வண்ணம் பூசிய சுடுமண் விளிம்புமாக. அதைப் பார்த்துவிட்டு ஃபோரத்துக்குப் போனால், மேலே ஒன்றும் இல்லாமல் நிற்கிற கல் மேடைகளுக்கு என்ன மாதிரிக் கூரை போட வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.